கண் மறுகால் பாயும்போது: வரத்தா, மடையா, கரையா?

குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தாமிரபரணிப் பாசன ஊர்களில் முதலில் கேட்பது, வரத்து கூடிப்போச்சா, இல்ல மடை அடைச்சுக் கெடக்கா என்றுதான். இரண்டும் இல்லையென்றால் கரை எங்கேயோ தாழ்ந்திருக்கிறது. கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறவரிடமும் இதே மூன்றைத்தான் கேட்க வேண்டும். சுரக்கிற கண்ணீர்தான் வரத்து, அது மூக்குக்குள் இறங்குகிற வடிகால்தான் மடை, இமைதான் கரை.

கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் மடைக் கோளாறு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிற வயதுக்காரர்களுக்கும் பெரும்பாலும் வரத்து. நாற்பது, ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மறுபடி மடை. எழுபதைத் தொட்டவர்களுக்குக் கரை. இதற்கு விலக்கு நிறைய உண்டு, ஆபத்தெல்லாம் அந்த விலக்குகளில்தான் இருக்கிறது. ஆனாலும் வயதைக்கூடக் கேட்காமல் 'கண்ணுல தண்ணி வருதா, இந்தா சொட்டு' என்று எடுத்துக் கொடுக்கிற மெடிக்கலை நான் நம்பமாட்டேன்.

முதலில் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே எலும்புக் குழிக்குள் பாதாம்பருப்பு அளவில் ஒரு கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. அழுகைக்கும் புகைக்கும் சின்ன வெங்காயத்துக்கும் திறந்துவிடுவது அதுதான். அன்றாட ஈரத்துக்கு இமையின் உட்புறத்தில் குட்டிச் சுரப்பிகள் தனியாக உண்டு. இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள். அவை விடுகிற மெல்லிய எண்ணெய்ப் படலம் மேலே மூடியிருப்பதால்தான் கண்ணீர் உடனே காய்ந்துபோவதில்லை. எந்த நேரமும் கண்ணில் நிற்கிற நீர் ஒரு மில்லியை ஆயிரமாகப் பிரித்தால் ஏழு பங்குதான். கடையில் வாங்கும் சொட்டு மருந்தின் ஒரே சொட்டு 30 முதல் 50 பங்கு வரும். ஆகவே ஒரு சொட்டுக்கு மேல் விடுவதெல்லாம் கன்னத்துக்குத்தான்.

வடிகால் மூக்கோரத்தில் தொடங்குகிறது. மேலிமை, கீழிமை இரண்டிலும் ஊசி குத்தினாற்போல ஒவ்வொரு துளை, அகலம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். கீழிமையை லேசாக இழுத்துக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும். அங்கிருந்து சிறு குழாய் இமைக்குள் 2 மி.மீ. நேராகப் போய், 8 மி.மீ. மூக்கை நோக்கி வளைந்து ஓடி, கண்ணீர்ப்பையில் விழுகிறது. பையின் அடியிலிருந்து எலும்புக்குள்ளாக ஒரு குழாய் மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான். நீர் தானாக இறங்குவதும் இல்லை. ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் இமைத்தசை பையை அழுத்தி விட்டு உறிஞ்ச வைக்கிறது. இமை தளர்ந்துவிட்டால் குழாய் சுத்தமாக இருந்தும் நீர் தேங்கும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது கொஞ்சம் உண்டு. ஒரு கண் மட்டும் நாள் முழுக்க வடிந்தால் அடைப்பையோ, கண்ணுக்குள் எதுவோ கிடப்பதையோ நினைக்க வேண்டும். இரண்டு கண்ணும் அரிப்போடு வடிந்தால் அலர்ஜி. இரண்டும் கரகரவென்று எரிச்சலோடு, காற்றிலும் டிவி முன்னாலும் மட்டும் வடிந்தால் கண் உலர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடைப்பைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண்ணின் மூக்கோர முனைக்குச் சற்றுக் கீழே, எலும்பு விளிம்புக்கு உட்புறமாக ஆள்காட்டி விரலால் அழுத்தியபடி அந்தத் துளையைக் கவனியுங்கள். பிசுபிசுப்பான நீரோ சீழோ துளை வழியாகப் பொங்கினால் பைக்குக் கீழே அடைப்பு. அந்த இடம் சிவந்து வலியோடு வீங்கியிருந்தால் மட்டும் அழுத்தக் கூடாது.

வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் இந்த மூன்றில் ஒன்று நீரோடு சேர்ந்து வந்தால் வயது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கைப்பிள்ளை

பிறந்த முதல் சில வாரங்களுக்குப் பிள்ளை அழுதால் சத்தம்தான் வரும், கண்ணீர் வராது. அது இயல்பு. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு கண் மட்டும் எப்போதும் ஈரமாக நின்று, காலையில் இமைமுடி பீளையில் ஒட்டிக்கொண்டு, ஆனால் வெள்ளைவிழி வெள்ளையாகவே இருந்தால், மூக்குக்குள் இறங்கும் குழாயின் கடைசி முனையில் ஒரு மெல்லிய சவ்வு இன்னும் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு வயது முடிவதற்குள் அது தானே திறந்துவிடும்.

திறக்க உதவுவது கண்ணீர்ப்பை நீவல். 1923ல் கிரிக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்த முறை இன்றைக்கும் அப்படியே நடப்பில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் தப்பாகச் செய்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டிக் கையைக் கழுவ வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதோ அரைத் தூக்கத்திலோ செய்வது சுலபம். சுண்டு விரல் நுனியையோ ஆள்காட்டி விரல் நுனியையோ கண்ணின் மூக்கோர முனையில், மூக்கெலும்பும் கண்குழியும் சேருகிற இடத்தில் வைக்க வேண்டும். அங்கே விரலுக்குக் கீழே பை இருக்கிறது. முதலில் அழுத்தி மேல்வழியை அடைத்துக்கொண்டு, அழுத்தத்தை விடாமல் மூக்கின் ஓரமாகக் கீழ்நோக்கி ஒரு சென்டிமீட்டர் போல இழுக்க வேண்டும். பைக்குள் இருக்கும் நீர் கீழே போய்ச் சவ்வை முட்ட வேண்டும், வேலை அவ்வளவுதான். தோலை மேலாகத் தடவினால் ஒன்றும் நடக்காது. கன்னத்தைத் தேய்ப்பதும் பயனில்லை. வேளைக்கு 5 முதல் 10 தடவை, நாளைக்கு 3 அல்லது 4 வேளை. நீவின பிறகு கொதித்து ஆறின தண்ணீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைக்கலாம், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. மஞ்சளாகப் பீளை தள்ளுகிற நாட்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாட்டிக் சொட்டு. அது அடைப்பைத் திறக்காது, கிருமியை மட்டும் அடக்கும். 'சொட்டு விட்டும் நிக்கலியே' என்று வாரத்துக்கு ஒரு மருந்து மாற்றுவது வீண்.

ஒரு வயது தாண்டியும் வடிந்தால் மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பி விட்டுச் சவ்வைத் திறப்பார்கள். சில நிமிட வேலை. 'பல்லு முளைக்கட்டும், மொட்டை போடட்டும்' என்று மூன்று நான்கு வயது வரை தள்ளினால் கம்பி விட்டுக் குணமாகிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், சிலிகான் குழாய் வைக்க வேண்டியும் வரலாம்.

இனி விலக்குகள். பிறந்து ஒரு மாதத்துக்குள் இரண்டு இமையும் வீங்கிச் சீழ் கொட்டினால் அது பிரசவ வழியில் தொற்றிய கிருமி. சில கிருமிகள் ஓரிரு நாளில் கருவிழியையே அரித்துவிடும், காத்திருக்கக் கூடாது. பிறந்தபோதே மூக்கோரத்தில் நீலம் பாரித்த ஒரு சின்ன உருண்டை தெரிந்தால் அது மேலும் கீழும் அடைபட்ட கண்ணீர்ப்பை. மூக்குக்குள்ளும் அது தொங்கி மூச்சை அடைக்கலாம்.

இந்த வட்டாரத்தில் நான் பெரிதாக அடிக்கோடிட நினைப்பது மூன்றாவதை. பிள்ளைக்குக் கண்ணில் நீர் வருகிறது, வெளிச்சம் பட்டால் முகத்தைத் தோளில் புதைத்துக்கொள்கிறது, இமையை இறுக்கி மூடுகிறது, கருவிழி மற்றப் பிள்ளைகளைவிடப் பெரிதாக, கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. 'எம்புள்ளைக்கு எம்புட்டுப் பெரிய கண்ணு' என்று ஆச்சி திருஷ்டி கழிப்பார்கள். அது பிறவிக் குளுக்கோமாவாக இருக்கலாம். பிறந்த பிள்ளைக்குக் கருவிழியின் குறுக்களவு ஏறத்தாழ 10 மி.மீ.; முதல் வயதுக்குள் 12 மி.மீ. தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதால் விழியே ஊதிப் பெரிதாகிறது. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த வீடுகளில் இது வருவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இதற்கான மரபணுக் குறை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் பெரும்பாலும் நோயாகிறது. இதற்கு அறுவை சிகிச்சைதான் வழி, வாரக்கணக்கில் தாமதித்தாலும் பார்வை போகும். அடைப்பில் பீளை இருக்கும், கூச்சம் இருக்காது. இதில் கூச்சம் இருக்கும், பீளை இருக்காது. இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் பெரியவர்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிவது, மை தீட்டுவது, வாயால் ஊதுவது எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை.

பள்ளிக்கூட வயது

பங்குனி, சித்திரை வெயிலில் ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள், அதிலும் பையன்கள், கண்ணைப் புறங்கையால் கசக்கிக்கொண்டே அலைந்தால் அது வெயில்கால அலர்ஜி. நீரோடு நூல் நூலாக இழுபடும் பீளை வரும், வெள்ளைவிழி பழுப்பாகத் தெரியும். மேலிமையைப் புரட்டிப் பார்த்தால் கூழாங்கல் பரப்பினாற்போல முண்டு முண்டாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் வைத்தால் அரிப்பு அடங்கும். வெளியே தொப்பி, கண்ணாடி. பெரும்பாலும் இருபது வயதுக்குள் தானாகவே ஓய்ந்துவிடும்.

ஆனால் கெடுதி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று கசக்கல்: வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாகிப் பார்வை கெடும். இன்னொன்று மெடிக்கலில் வாங்குகிற ஸ்டீராய்டு சொட்டு. விட்ட மறுநாளே பளிச்சென்று கண் வெளுக்கும், அதனால் ஒவ்வொரு கோடைக்கும் அதே பழைய சீட்டைக் காட்டி வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் ஏறிக் குளுக்கோமா வரும், புரை விழும். வலியே இல்லாமல் போகிற பார்வை என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சீட்டில் 'ப்ரெட்னிசோலோன்', 'டெக்ஸாமெத்தசோன்', 'பீட்டாமெத்தசோன்' என்று இருந்தால் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு, அந்த நாளோடு நிறுத்துங்கள், கண்ணழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

குளத்திலும் கிணற்றிலும் குதித்துக் குளிக்கிற பையன்களுக்கு ஒன்று. தேங்கின நீரில் குளிப்பவர்களுக்கு மூக்கிலும் கண்ணிலும் வருகிற ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற சதை வளர்ச்சி தென்தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதிகம். ஸ்ட்ராபெர்ரிப் பழம் போலச் சிவந்து, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். கண்ணீர்ப்பைக்குள் வளர்ந்தால் ஒரு கண்ணில் நீர், மூக்கோரத்தில் வலியில்லாத வீக்கம், சில நேரம் கண்ணீரில் இரத்தம். இதைச் சாதாரண அடைப்பு என்று நினைத்து வழி மட்டும் திறந்துவிட்டால் திரும்பவும் வளரும். வேரோடு எடுக்க வேண்டும். ஆகவே குளத்துக் குளியல் பழக்கத்தையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வெற்றிலைச் சுண்ணாம்பு. தாத்தாவின் சுண்ணாம்புப் பாக்கெட்டையோ டப்பாவையோ பிதுக்கி விளையாடும்போது கண்ணில் தெறித்தால் அது எரிச்சல் அல்ல, வேக்காடு. காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் குழாயடியிலோ குடத்துத் தண்ணீரிலோ குறைந்தது அரைமணி நேரம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். மேலிமையைப் புரட்டி ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை ஈரப் பஞ்சால் எடுக்க வேண்டும். எலுமிச்சை, வினிகர் எதையும் விடக் கூடாது. கழுவாமல் ஆட்டோ பிடிக்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் கண் போகிறது. எருக்கம்பாலுக்கும் இதேபோல உடனே கழுவ வேண்டும். அதில் வலி அவ்வளவாக இல்லாமலேயே பார்வை மங்கும், அதனால் ஏமாந்துவிடக் கூடாது.

மாட்டுக் கொம்பு, சைக்கிள் ஹேண்டில், நாய்க்கடி இவற்றால் மூக்கோரத்தில் இமை கிழிந்தால் உள்ளே இருக்கும் சிறு குழாயும் அறுந்திருக்க வாய்ப்புண்டு. தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால் காயம் ஆறும், கண் ஆயுசுக்கும் வடியும். ஒன்றிரண்டு நாளுக்குள் கண் மருத்துவர் குழாயைச் சேர்த்துச் சிலிகான் நூல் வைத்துத் தைக்க வேண்டும்.

உழைக்கிற வயது

இங்கேதான் யாரும் எளிதில் நம்பாத ஒன்று இருக்கிறது. கண் வறண்டாலும் நீர் கொட்டும். அன்றாட ஈரமோ எண்ணெய்ப் படலமோ குறைந்து கருவிழி காயும்போது நரம்பு அலறுகிறது, பெரிய சுரப்பி மதகைத் திறந்துவிடுகிறது. வருவது வெறும் தண்ணீர், ஒட்டாது, வழிந்து போய்விடும், கண் மறுபடி காயும். வெள்ளமும் வறட்சியும் ஒரே வயலில். 'தண்ணி கொட்டுது, நீங்க ட்ரைங்கிறிய' என்று நோயாளி கோபப்படுவது நியாயம்தான், ஆனால் விஷயம் அதுதான். இதற்கு அலர்ஜி என்று நினைத்துச் சிட்ரிசின் மாத்திரை போட்டால் ஈரம் இன்னும் குறையும்.

1986ல் தூத்துக்குடியும் 2019ல் தென்காசியும் தனி மாவட்டமாகப் போய்விட்டாலும் நெல்லைச் சீமையின் காற்று பிரிந்து போகவில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் புகுந்து அடிக்கிற காற்றில் பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலை சுற்றுகிறது, பைக்கில் போகிறவன் கண் கொட்டுகிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிறதே, ஈரக்காற்றுதானே என்று தோன்றும். மலையடிவாரம் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டால் அது வறண்ட காற்று, செம்மண் தூசியும் கூட. முகத்தை மூடுகிற ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுவதுதான் முதல் மருந்து. சும்மா கூலிங் கிளாஸில் பக்கவாட்டில் காற்று நுழையும். வளைந்து கன்னத்தோடு ஒட்டுகிற கண்ணாடி நல்லது.

காற்று இல்லாமல் உட்கார்ந்த இடத்தில் வறளுகிறவர்களும் இருக்கிறார்கள். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை சிமிட்டுகிறவர் கம்ப்யூட்டரையோ செல்போனையோ உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மடியில் பீடித்தட்டை வைத்துக் குனிந்தபடி ஆயிரம் பீடி சுற்றும் பெண்களுக்கும் அதே கதைதான், கூடுதலாகப் புகையிலைத் தூசி. அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் நீர் இன்னும் பொங்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு கண்ணைத் தொடுமுன் கை கழுவுவது, ஒரு கட்டு முடிந்ததும் இருபது தடவை அழுத்திச் சிமிட்டுவது, ஃபேனை முகத்துக்கு நேரே வைக்காமல் முதுகுப் பக்கம் திருப்புவது, மூன்றும் காசு செலவில்லாதவை. கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிக்குள் பங்குனியிலிருந்து ஆடி வரை புகையோடு நிற்பவர்களுக்கு, புகை போகும் திசையைப் பார்த்து வாசல் வைப்பதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

இமை விளிம்பு சிவந்து, முடி அடியில் பொடுகு போல உதிர்ந்தால் எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கிறது. கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும், இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் திரும்ப நனைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு தரம் ஒத்திவிட்டுப் 'பலனில்லை' என்கிறார்கள். பிறகு மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விளிம்பை நோக்கி நீவ வேண்டும். கடைசியாக, இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு கலந்து காது குடையும் பஞ்சால் முடியின் அடியைத் துடைத்துக் கழுவ வேண்டும். ஒரு மாதமாவது நாள்தோறும் செய்தால்தான் தெரியும்.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையாகக் கேளுங்கள், அந்த ரசாயனமே கண்ணை அரிக்கும். சாதாரண பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போட வேண்டும். மூடியில் தேதி எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

அறுப்புக் காலத்துக்கு வருவோம். கார் அறுப்பும் பிசான அறுப்பும் நடக்கும்போது நெல் தூசு, உமி, வைக்கோல் நுனி கண்ணில் படுவது சகஜம். பட்டவுடன் நீர் வரும், பெரும்பாலும் அதோடு வெளியேறியும் விடும். வெளியேறாத உமி மேலிமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியைக் கீறும். அந்தக் கீறலில் பூஞ்சணம் ஏறினால் கருவிழிப் புண், நம் ஊர்ப் பார்வையிழப்புக்கு அது முக்கியமான காரணம். நாக்கால் தூசி எடுக்கிற ஆளிடம் போவது வாயில் உள்ள கிருமியையும் புண்ணில் சேர்ப்பது. பழைய ஸ்டீராய்டு சொட்டை விட்டால் பூஞ்சணத்துக்கு உரம் போட்ட மாதிரி. சுத்தமான தண்ணீரில் கழுவிப் பார்த்தும் அன்று சாயங்காலத்துக்குள் உறுத்தல் போகவில்லையென்றால், அல்லது கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால், மறுநாள் அறுப்பை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வெல்டிங் ஒளியைக் கண்ணாடியில்லாமல் பார்த்தவருக்கு உடனே ஒன்றும் செய்யாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், மணல் அள்ளிப் போட்டாற்போலக் கண் கொட்டும். ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். மரத்துப்போகிற சொட்டு மருந்தை யாராவது கொடுத்தால் வீட்டுக்கு வாங்கிப் போகக் கூடாது, அது புண் ஆறுவதையே தடுக்கும்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு அருவியில் நிற்கிறவர்களுக்கு ஒரே வரி: கழற்றிவிட்டுப் போங்கள். லென்ஸுக்கு அடியில் தங்குகிற அமீபா தருகிற புண்ணின் வேதனைக்குச் சீசன் ஈடாகாது.

நாற்பது தாண்டிய பெண்கள்

ஆண்களைவிடப் பெண்களுக்கு அந்த எலும்புக் குழாய் குறுகல். வயது ஏற ஏற உட்சுவர் வீங்கித் தழும்பாகி மூடிக்கொள்கிறது. முதலில் காற்றில் மட்டும் ஒரு கண் வடியும், பிறகு எப்போதும் வடியும், பிறகு மூக்கோரத்தில் அழுத்தினால் சீழ் வரும். வலி இல்லாததால் முந்தானையால் ஒற்றிக்கொண்டே பத்து வருடம் ஓட்டிவிடுகிறார்கள்.

ஓட்ட முடியாமல் போவது இரண்டு சந்தர்ப்பத்தில். ஒன்று, தேங்கின பை திடீரென்று பழுத்து, மூக்கோரம் சிவந்து, காய்ச்சலோடு வீங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வேகமாகப் பரவும். ஊசியால் குத்தி விடுவதும், அந்த நேரத்தில் குழாயில் நீர் அடித்துப் பார்ப்பதும் தப்பு. ஆன்டிபயாட்டிக்கில் அடங்கவிட்டுப் பிறகு அறுவை. இன்னொன்று, கண்புரை ஆபரேஷன். புரைக்கு நாள் குறித்த பிறகு 'டக்ட் அடைச்சிருக்கு, முதல்ல அதைப் பாக்கணும்' என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். பையில் இருக்கிற கிருமி புரைக் காயத்தின் வழியே கண்ணுக்குள் போனால் கண்ணே போய்விடும். நெல்லையில் 1988லிருந்து இருக்கிற அரவிந்த் கண் மருத்துவமனையானாலும், பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியானாலும் இதில் சமரசம் கிடையாது.

அறுவைக்குப் பெயர் டி.சி.ஆர்., 1904ல் டோட்டி என்ற இத்தாலியர் தொடங்கி வைத்தது. அடைத்த குழாயை விட்டுவிட்டு, பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய எலும்பில் ஜன்னல் திறந்து புதுக் கால்வாய் வெட்டுவது. பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைக்கும். வெளியே சின்னத் தழும்போடு செய்வதும் உண்டு, மூக்கு வழியாகத் தழும்பில்லாமல் செய்வதும் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். அறுவைக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ரொம்ப வயதானவர்களுக்குச் சில சமயம் பையை மட்டும் எடுத்துவிடுவார்கள். சீழ் நிற்கும், நீர் வடிவது நிற்காது. இதை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் 'ஆபரேஷன் பண்ணியும் போகல' என்ற வருத்தம் இருக்காது.

வயதானவர்கள்

கீழிமையைக் கீழே இழுத்துவிட்டுப் பாருங்கள். சிமிட்டாமலேயே 'படக்'கென்று ஒட்டிக்கொண்டால் கரை பலமாக இருக்கிறது. மெதுவாக ஏறினாலோ, சிமிட்டினால்தான் ஒட்டுகிறது என்றாலோ தளர்ந்துவிட்டது. துளை கண்ணீரில் முங்காமல் வெளியே பார்த்துத் திரும்பிவிடுவதால் நீர் வழிகிறது. இதைத் துண்டால் கீழ்நோக்கித் துடைத்துத் துடைத்தே இன்னும் இழுத்துவிடுகிறார்கள். துடைக்கும்போது வெளிமுனையிலிருந்து மூக்கை நோக்கி, கொஞ்சம் மேலாக ஒற்ற வேண்டும். இமை உள்பக்கம் மடிந்து முடி கருவிழியில் குத்துவதும் உண்டு. முடியைப் பிடுங்கினால் சில வாரத்தில் கட்டையாக முளைத்து முன்னைவிடக் குத்தும். இரண்டுக்கும் இமையை இறுக்குகிற சின்ன அறுவை போதும்.

முகவாதம் வந்து ஒரு பக்க வாய் கோணி, அந்தக் கண் மூடாமல் நீர் வடிந்தால், மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போனால்தான் மாத்திரையின் முழுப் பலன். புறாவைச் சுட்டு ரத்தம் தடவுகிற வைத்தியத்தில் அந்த மூன்று நாளும் போய்விடும். இரவில் கண்ணில் களிம்பு போட்டு, இமையை ஒட்டுத்துணியால் மூடித் தூங்க வேண்டும். குணமான பிறகு சிலருக்குச் சாப்பிடும்போது மட்டும் அந்தக் கண்ணில் நீர் கொட்டும். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய நரம்பு வளரும்போது வழி மாறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது என்று அர்த்தம், காரம் காரணமில்லை.

மருந்துகளையும் நினைவில் வையுங்கள். டோசிடாக்ஸல், 5-ஃப்ளோரோயுராசில் போன்ற புற்றுநோய் மருந்துகளும் தைராய்டு புற்றுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடினும் துளையையும் சிறு குழாயையும் சுருக்கிவிடும். வருடக்கணக்கில் போடுகிற குளுக்கோமா சொட்டுகளும் இதைச் செய்யும், ஆனால் நீர் வடிகிறது என்று அந்தச் சொட்டைத் தானாக நிறுத்தினால் பார்வை போகும். மூக்கோர வீக்கம் கெட்டியாக, கண் முனையின் மட்டத்துக்கு மேலேயும் ஏறினால், அல்லது கண்ணீரில் இரத்தம் கலந்தால், கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மை இல்லாமல், வீட்டில் இருக்கிற எல்லாச் சொட்டு பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மரத்துப்போகிற சொட்டு விட்டு, முனை மழுங்கிய ஊசியால் துளைக்குள் உப்புநீர் செலுத்துவார்கள். குத்தாது, ஒரு மாதிரி அழுத்தமாக இருக்கும். தொண்டையில் உப்புக் கரித்தால் உடனே சொல்லுங்கள், வழி திறந்திருக்கிறது. செலுத்திய துளையிலேயே திரும்பினால் சிறு குழாயிலேயே அடைப்பு. கீழ்த்துளையில் விட்டது மேல்துளையில் தெளிவாக வந்தால் பைக்கு வந்து சேர்கிற இடத்திலோ அதற்குக் கீழேயோ அடைப்பு, சீழோடு வந்தால் பை கெட்டுக் கிடக்கிறது. தொண்டைக்கு நன்றாக இறங்கியும் கண் வடிகிறதென்றால், 'அடைப்பு இல்ல, போங்க' என்பதோடு எழுந்து வந்துவிடக் கூடாது. இமை இறுக்கம் எப்படி இருக்கிறது, ஈரம் உறிஞ்சும் தாளை ஐந்து நிமிடம் இமையில் மடித்து வைத்து எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது, மேலிமைக்கு அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.